ஹர்த்தால் அன்று அடித்த தொலைபேசி

கோதுமை மாப் பசை அடிப்பிடித்தால் குசினியில் ஒரு மணம் எழும். பாதி பேக்கரிப் பாண் மணமும் பாதி கருகிய துணி மணமுமாக, கதவைத் திறந்துவிட்டாலும் போகாமல் தலைமயிரில் தங்கிவிடும். பத்து வயதில் என் பின்னலில் எண்ணெய் மணத்தைவிட அந்த மணம்தான் அதிகம் இருந்திருக்கும். அப்பா பசை காய்ச்சினால் ஊரில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். கூட்டமோ ஊர்வலமோ கண்டனமோ எதுவானாலும் அது எங்கள் வீட்டு அடுப்பில்தான் தொடங்கும். அம்மா இருந்திருந்தால் பொங்கல் பானையில் பசை காய்ச்ச விட்டிருக்கமாட்டார். அம்மா இல்லாததால் எந்தப் பானையும் எதற்கும் ஆகும் என்றாகிவிட்டிருந்தது.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிற நேரம். இடம்பெயர்ந்து திரும்பியபோது திருகோணமலையில் எங்கள் பாலையூற்று வீட்டில் நான்கு சுவர் நின்றது, கூரை இல்லை. அந்தக் கூரைக்காகப் போனவர். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். அது காலை எட்டரை முதல் மாலை நாலேகால் வரை மட்டும். மீதி நேரமெல்லாம் அவர் தன் கட்சியின் பாலையூற்றுக் கிளைச் செயலாளர். சம்பளமில்லாத அந்த உத்தியோகத்தைத்தான் அவர் தன் வேலை என்று நினைத்திருந்தார். அவருடைய கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். கட்சியின் தீர்மானங்கள் எல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் பிறந்தன. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, பக்கத்து வீட்டிலிருந்த மாமியிடம் சாப்பாட்டுக்கு விட்டு, பின்னேரத்தில் கூட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போவார். மற்றப் பிள்ளைகள் கதை கேட்டு நித்திரையான வயதில் நான் தீர்மானங்கள் கேட்டு நித்திரையானேன்.

அப்போது எங்கள் நாட்டில் சண்டை நிறுத்தியிருந்தார்கள். சோதனைச் சாவடிகள் இருந்தன, ஆனால் ஆமிக்காரர் எப்போதாவது சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நாங்கள் பழகுவதற்குள் ஈராக்கில் சண்டை தொடங்கப்போகிறது என்ற கதை வந்துவிட்டது. முதலில் அது பேப்பரில் இருந்தது, பிறகு தேத்தண்ணிக்கடை வாங்குகளுக்கு வந்தது, பிறகு வீடுகளுக்குள் வந்து குந்திக்கொண்டது. வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் ஒழுங்கைக்கு ஒரு பெண்ணாவது குவைத்திலோ சவூதியிலோ இருந்தாள். நஞ்சுப் புகை அடிப்பார்களாம், அது குவைத்துக்கும் வருமாம் என்றார்கள். ஈராக்கில் எண்ணெய்க்காகத்தான் அடிக்கிறார்கள் என்றால் சீனன்குடாவிலும் எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றனவே, இங்கேயும் வந்து அடிக்கமாட்டார்களா என்று மாமி கேட்டார். அந்தக் குதங்களில் பாதி காலியாகத் துருப்பிடித்துக் கிடப்பதை ஊரே அறியும். இருந்தும் அவர் மண்ணெண்ணெய் வாங்கிச் சேர்த்தார், பருப்பு வாங்கிச் சேர்த்தார், என்னையும் கடலில் குளிக்கப் போகவிடாமல் மறித்தார். சந்திச் சலூனில் ஈராக் அதிபரின் படத்தை நடிகர்களின் படங்களுக்கு நடுவே ஒட்டினார்கள். தலைமயிர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அவருக்காகச் சண்டை பிடித்தார்கள்.

கட்சிகளின் பாடுதான் பெரும்பாடு. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் கட்சிக்காரர் ஜும்ஆ முடிந்து ஊர்வலம் போனார்கள். அவர்களுடைய கோபத்தில் கலப்பில்லை. தெற்கில் சிவப்புச் சட்டைக்காரர் சண்டை தொடுக்கும் நாட்டின் தூதரகத்துக்கு முன்னால் கொடும்பாவி எரித்தார்கள். அரசாங்கக் கட்சி வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது தேயிலை ஏற்றுமதியைப் பற்றி அழுதது. அப்பாவின் கட்சிக்கோ தர்மசங்கடம். சண்டை தொடுக்கும் நாடுகள்தான் எங்கள் சமாதானப் பேச்சுக்கும் பின்னால் நின்றன. அவர்களைப் பகைத்தால் பேச்சு குழம்பும், பகைக்காவிட்டால் சனம் சிரிக்கும். அப்பா இரவிரவாக இருந்து "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று ஓர் அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அது "ஆழ்ந்த கவலையடைகிறோம்" என்று திரும்பி வந்தது. வேறொரு சொல்லும் மாறவில்லை, அந்த ஒன்றுதான் மாறியிருந்தது. அதே சுவரில் அன்றைக்கே எதிர்க்கட்சிக்காரர் "கண்டிக்கிறோம்" என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சந்தியில் சலூன்காரர் அப்பாவை மறித்து, கவலை இப்போது எந்த மட்டில் இருக்கிறது, காய்ச்சலும் காய்கிறதா என்று விசாரித்தார். அப்பா சிரித்துக்கொண்டே வந்தார், ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

சண்டை தொடங்கியது. முஸ்லிம் கட்சி அடுத்த வெள்ளிக்கிழமை மாவட்டம் முழுவதும் ஹர்த்தால் என்று அறிவித்தது. மேலிடம் யோசித்து முடிப்பதற்குள் அப்பா தன் கிளையின் பெயரில் ஆதரவு அறிவித்துவிட்டார். கவலையால் போன மானத்தைக் கடையடைப்பால் மீட்பது என்று அவர் தீர்மானித்திருந்தார். பாலையூற்றில் ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்கக்கூடாது. பசை காய்ந்தது, அடிப்பிடித்தது, மூன்று நாளாக ஒட்டினோம். நானும் வாளி தூக்கினேன்.

இங்கே நான் நவ்பர் நானாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இறக்கக்கண்டியைச் சேர்ந்தவர், எங்கள் சந்தியில் "கொமினிக்கேசன்" வைத்திருந்தார். ஒற்றைத் தொலைபேசி, கண்ணாடி அடித்த ஒரு கூண்டு, வெளியே ஒரு நீள வாங்கு. வீடுகளில் போன் இல்லாத காலம். வெளிநாட்டில் இருக்கிற பெண்களுக்கு நாங்கள் எடுக்க ஏலாது, வீட்டுக்காரி விடமாட்டாள். அவர்கள்தான் எங்களுக்கு எடுக்கவேண்டும். குவைத்தில் ஆண்கள் ஜும்ஆவுக்குப் போய், வீடு சற்று ஓயும் நேரம் இங்கே பின்னேரம் மூன்று மணி. அதனால் வெள்ளிக்கிழமைகளில் மூன்றிலிருந்து நான்கு வரை அந்தக் கடையில் ஒருவரும் வெளியே கோல் எடுக்கக்கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு அவசரமானாலும், வந்தவர் யாரானாலும், அந்த ஒரு மணித்தியாலம் லைன் பெண்களுக்குரியது. நாங்கள் குளித்து, நல்ல சட்டை போட்டு, போனில் சட்டை தெரியாது என்று தெரிந்தும் போட்டு, வாங்கில் வரிசையாக இருப்போம். மணி அடிக்கும், நவ்பர் நானா எடுத்துக் கேட்டு, "பாலையூற்று, புவனா வீடு" என்று எங்கள் வீட்டைக் கூப்பிடுவார். புவனா என் அம்மா. ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி எங்களுடைய முறை. கடைசியாக அம்மா பேசியபோது சண்டை தொடங்கியிருக்கவில்லை. வீட்டுக்காரர் நஞ்சுப் புகை வராதபடி ஜன்னல் இடுக்குகளுக்கு ரேப் ஒட்டுகிறார்கள் என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை, ஹர்த்தால் வெள்ளி.

வியாழக்கிழமை நாங்கள் போஸ்டர் ஒட்டப் போனபோது நவ்பர் நானா அப்பாவை உள்ளே கூப்பிட்டார். நான் வாளியோடு வாசலில் நின்றேன்.

"அண்ணே, நாளைக்கு மூணு மணி. சண்டை தொடங்கினதுக்குப் பிறகு உங்கட வீட்டு முறை வாற முதல் வெள்ளி. முன் சட்டரைப் போட்டுட்டுப் பின் கதவால ஆக்களை எடுக்கட்டா? இந்த ஹர்த்தாலே எங்கட ஆக்கள் போட்டதுதான், ஒருத்தரும் பிழை சொல்லமாட்டாங்க."

அப்பா தொலைபேசியைப் பார்த்தார்.

"ஒரு கதவு திறந்தா எல்லாக் கதவும் திறக்கும், நவ்பர். என்ர வீட்டுக் கோலும்தானே வரும்? அதுக்காக நான் திறக்கவிட்டனான் எண்டு கதை வந்தா, பிறகு நான் ஆரிட்டப் போய்ப் பூட்டச் சொல்லுறது?"

நவ்பர் நானா கடையைப் பூட்டி, திறப்பையும் கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்காமலே அப்பா சொன்னார், அம்மா எடுத்துப் பார்த்து ஆட்கள் இல்லையென்றால் சனிக்கிழமை எடுப்பார், ஒருமுறை தவறினால் குடி முழுகிப் போகாது என்று. நான் தலையாட்டினேன். அப்பா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய கடைசி நாள் அதுதான்.

வெள்ளிக்கிழமை ஊர் செத்துப்போய்க் கிடந்தது. பஸ் இல்லை, மீன்காரரின் கூவல் இல்லை. அப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். சந்தியில், ஓட்டோ ஒன்றின் மேல் ஒலிபெருக்கியைக் கட்டி, மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தார். நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். வழக்கமாக அந்த வாங்கில் இருக்கிறவர்களில் சிலரும் வந்து நின்றார்கள். கடை பூட்டு என்று தெரிந்தும் அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்க அவர்களால் முடியவில்லை போலும். எனக்கும் முடியவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு கடையடிக்குப் போனேன். கூட்டத்திலிருந்து நூறு அடி தூரம்கூட இராது. முன் சட்டரில் நாங்கள் ஒட்டிய போஸ்டர் வெயிலில் காய்ந்து முறுகியிருந்தது. வாங்கை உள்ளே எடுத்து வைத்துவிட்டிருந்தார்கள். நான் பின்பக்கம் போய்ப் பலகைக் கதவின் படியில் குந்தினேன்.

மூன்று மணி தாண்டியிருக்கும். உள்ளே போன் அடித்தது.

அது அம்மாதான். தெரியும், அவ்வளவுதான். அடித்து அடித்து நின்றது. நான் ஓடினேன். அப்பா நான்காவது தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ஈராக்கிலே பிள்ளைகளைப் பிரிந்து தவிக்கும் தாய்மாரின் துயரத்தில் பாலையூற்று மக்கள் பங்குகொள்கிறார்கள் என்பது அந்தத் தீர்மானம். சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"கடைக்குள்ள போன் அடிக்குது அப்பா. அம்மா."

அவர் கடைப் பக்கம் பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்தார். சனத்துக்குள் அந்தச் சலூன்காரரும் எதிர்க்கட்சிக்காரர் இருவரும் நின்றார்கள்.

"இன்னும் மூண்டு தீர்மானம்தான், பிள்ளை. பொறு" என்றார்.

ஐந்தாவது தீர்மானம் ஒலிபெருக்கியில் என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. நான் மறுபடி பலகைக் கதவில் காதை வைத்தபோது போன் இரண்டாம் தரம் அடித்துக்கொண்டிருந்தது. நின்றது. மூன்றாம் தரம் அடிக்கத் தொடங்கியது. அது கன நேரம் நிற்கவே இல்லை. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "அம்மா, நிக்கிறன், நிக்கிறன்" என்று சொன்னேன். அந்தக் கதவின் கொண்டியை உடைக்க ஒரு கல் போதும், பெரியவர்கள் வேண்டியதில்லை. கல்லும் காலடியிலேயே கிடந்தது. ஹர்த்தால் நாளில் கடை உடைத்தால் அப்பாவுக்குக் கெட்ட பெயர் வரும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். எந்தத் தீர்மானமும் நிறைவேற்றாமலே நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டிருந்தேன் என்பது இப்போது விளங்குகிறது.

கூட்டம் முடிந்து அப்பா வந்தபோது உள்ளே சத்தமில்லை. கதவில் காதை வைத்துப் பார்த்தார். வேறு யாருக்காவது வந்த கோலாக இருக்கும் என்றார். பிறகு சைக்கிளை எடுத்து இறக்கக்கண்டிக்கு மிதித்தார். பஸ் ஓடாத அந்த நாளில் அவ்வளவு தூரம் மிதித்துப் போய், நவ்பர் நானாவின் மோட்டார் சைக்கிளில் திறப்போடு திரும்பினார். கடையைத் திறந்து தொலைபேசிக்கு முன்னால் இருந்தார். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சங்கத்துக்கும் போகாமல் கட்சிக்கும் போகாமல் அங்கேயே இருந்தார். தொலைபேசி மற்ற வீடுகளைக் கூப்பிட்டது. எங்கள் வீட்டைக் கூப்பிடவில்லை.

ஒன்றரை மாதம் அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் யாரோடும் கதைக்கவில்லை. அப்பா அம்மாவை அனுப்பிய முகவரிடம் நடையாய் நடந்தார். அதற்குப் பிறகுதான் சவூதியிலிருந்து கடிதம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் குவைத்தை விட்டுச் சவூதியில் இருக்கும் உறவினரிடம் போகக் கார்களில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். ஊருக்குப் போவதென்றால் தூதரகத்தில் கொண்டுபோய் விடுகிறோம், அங்கிருந்து அனுப்புவார்கள். இல்லையென்றால் எங்களோடு வா, புது ஒப்பந்தம் என்று கேட்டார்களாம். கேட்டுச் சொல்கிறேன் என்று அம்மா போன் எடுத்தாராம். மூன்று தரம் எடுத்தாராம். "நீங்கள் வா எண்டால் வந்திருப்பன்" என்று எழுதியிருந்தார். "ஒருத்தரும் எடுக்கேல்லை. கார் வெளிக்கிட்டிட்டுது."

அப்பா இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்துவிட்டு, தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: அன்று இங்கே லைன் பழுது, மணி அடிக்கவே இல்லை, இல்லாவிட்டால் எடுத்திருப்போம். அடியில் மிச்சமிருந்த இடத்தில் என்னையும் எழுதச் சொன்னார். மேலே இருந்ததை வாசித்தேன். அதற்குக் கீழே, நான் நன்றாகப் படிக்கிறேன், சோதனையில் மூன்றாம் பிள்ளை என்று எழுதினேன். அப்பா கடிதத்தை மடித்தபோது என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் எங்கள் நாட்டுச் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. இப்போது வரவேண்டாம் என்று நாங்களே சொன்னோம். திருகோணமலையில் செல் விழுந்த நாட்களில் ஹர்த்தால் செய்ய ஒரு கட்சிக்கும் துணிவு வரவில்லை. கடைகள் தாமாகவே பூட்டிக் கிடந்தன. சண்டை ஓய்ந்து அம்மா வந்து இறங்கியபோது எனக்குப் பதினேழு வயது. நான் பெரிய பிள்ளையான சடங்கை அவர் போட்டோவில்தான் பார்த்திருந்தார். வீட்டுக்கு ஓடு போட்டாகிவிட்டது. அண்ணாந்து பார்த்துவிட்டு நல்ல ஓடு என்றார். முதல் நாள் குசினி வாசலில் நின்று, "உள்ளுக்குப் போகலாமோ?" என்று என்னிடம் கேட்டார். நாங்கள் சாப்பிடும்போது சுவரோரம் நின்றார். கதிரையில் இருங்கோ அம்மா என்றால் இருப்பார், அழைப்புமணி மாதிரி ஏதாவது சத்தம் கேட்டால் எழும்பிவிடுவார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் யார்மேல் வந்திருக்கவேண்டியது என்று எனக்குத் தெரியும், அதனால் அம்மாமேல் இன்னும் அதிகமாகச் சினந்தேன். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் கேட்கவில்லை. லைன் பழுது என்ற பதிலை அவர் கடவுள் சித்தம்போல் ஏற்று வைத்திருந்தார்.

இப்போது மறுபடியும் குவைத்துப் பக்கம் சண்டை. டிவியில் ராக்கெட்டுகள் பறக்கின்றன, விமானங்களை நிறுத்துகிறார்கள், கட்சிகள் அறிக்கை விடுகின்றன. "கண்டிக்கிறோம்" என்பதற்கும் "கவலையடைகிறோம்" என்பதற்கும் நடுவில் இன்னும் அதே இழுபறி, ஆனால் அதை இப்போது போனிலேயே முடித்துக்கொள்கிறார்கள். சுவரில் ஒட்டுவாரில்லை, பசை காய்ச்சுவாரில்லை. கட்சியின் கிளை அலுவலகம் மருந்துக்கடையாகிவிட்டது. நவ்பர் நானா மௌத்தாகிப் பல காலம். அவருடைய கடை இருந்த இடத்தில் ஜூஸ் விற்கிறார்கள். சந்தியில் வாங்கு இல்லை, வெள்ளிக்கிழமை மூன்று மணியும் மற்ற மணிகளைப் போல ஒன்றாகிவிட்டது.

போன கிழமை இரண்டு இளம் பொடியன்கள் அப்பாவைத் தேடி வந்தார்கள். கட்சிக்காரர். வெள்ளிக்கிழமை கடையடைப்பு, நல்ல தமிழில் ஒரு வேண்டுகோள் எழுதித் தாருங்கோ ஐயா என்றார்கள். அப்பா கட்சியை விட்டு எத்தனையோ வருடம், கை நடுங்குகிறது. இருந்தும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். எழுதி முடித்ததை ஒரு பொடியன் உரத்து வாசித்தான். ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் வெளிநாட்டுக் கோல் வரும் கொமினிக்கேசன் கடைகளும் தவிர மற்றெல்லாக் கடைகளையும் பூட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்றிருந்தது. பொடியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, இப்ப எங்க கொமினிக்கேசன்? எல்லாற்ற கையிலயும் போன் கிடக்கே."

"இருக்கட்டும்" என்றார் அப்பா. "வெட்டாதையுங்கோ."

அவர்கள் தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மா தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று எனக்குத் தெரியாது.

"அண்டைக்குக் கடை பூட்டியிருந்ததோ?" என்று கேட்டார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஓம். நான்தான் பூட்டுவிச்சனான்."

அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே கதிரையை இழுத்து இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப போன் அடிச்சதோ?"

"அடிச்சது அம்மா. நான் கதவடியில நிண்டனான்."

"மூண்டாம் தரம் நான் கன நேரம் அடிக்கவிட்டனான்" என்றார் அம்மா. "அதையும் கேட்டனியோ?"

ஓம் என்றேன்.